பதினோராவது வீட்டு அயிரை

செல்லூரில் ஒரு காம்பவுண்டு. இருந்தது என்று சொல்லவில்லை, இன்றைக்கும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரும்புக் கேட்டைத் திறந்தால் நடுவில் ஒரு நடை, அந்தப் பக்கம் ஐந்து வீடு, இந்தப் பக்கம் ஐந்து வீடு, நடை முடிகிற இடத்தில் குறுக்கே ஒட்டவைத்த மாதிரி பதினோராவது வீடு, அந்த வீட்டு வாசலுக்கும் குழாயடிக்கும் நடுவில் இரும்பு ஸ்டாண்டின் மேல் ஒரு மீன்தொட்டி. தொட்டி மூன்றடி நீளம், இரண்டடி உயரம். வெளியிலிருந்து யார் அளந்தாலும் அதே கணக்குத்தான் வரும். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் யாரையும் விட மாட்டார்கள்.

தொட்டி யாருக்கும் சொந்தமில்லை, அதனாலேயே எல்லாருக்கும் சொந்தம். ஐந்தாம் வீட்டில் முன்பு குடியிருந்தவர் காலி பண்ணும்போது தூக்க முடியாமல் விட்டுப்போனார். சும்மா கிடக்கிறதே என்று வீட்டுக்கு ஒரு மீன் வாங்கி விட்டார்கள். விட்ட பிறகு, யார் வீட்டு மீன் யார் வீட்டு மீனைக் கடிக்கிறது, யார் தீனி போடாமல் அடுத்தவர் தீனியில் மீன் வளர்க்கிறார் என்று பேச்சு வந்தது, பேச்சு வந்த இடத்துக்குச் சோலைமலையும் வந்துவிட்டார். முதல் வீட்டுச் சோலைமலை முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, அந்தக் கண்ணை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற வீட்டுக்காரர் எல்லாவற்றையும் "செக்கர் பாத்துக்குவாரு" என்று விட்டிருந்தார். செக்கரும் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பல் விளக்கின கையோடு தொட்டி முன்னால் வந்து நின்று மீன்களை எண்ணுவார். வீட்டுக்கு ஒரு மீன். மீன் இல்லாத வீடு காம்பவுண்டில் சேர்த்தி இல்லை. இது எப்போது சட்டமாயிற்று என்று யாருக்கும் தெரியாது, மீறிப் பார்த்த ஆளும் கிடையாது.

பதினோராவது வீட்டுக்குத் தை மாதம் குடிவந்தவள் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் மொக்கராசு முறுக்கு மாஸ்டர். சாமான்களை இறக்கிவைத்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே குண்டூருக்கு ரயில் ஏறிவிட்டான். அவர்கள் ஊரில் பாதி ஆண்கள் இப்படி வடக்கே போய் முறுக்குப் பிழிகிறவர்கள்தான். ஆனால் காம்பவுண்டில் மொக்கராசுவைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர், அது சாமான் இறக்க வந்த கூலியாள் என்று அடித்துச் சொன்னார். பிள்ளைகுட்டி கிடையாது. ஊர் வீடு மாமனார் செத்ததும் பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. ஒச்சம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மொக்கராசு திரும்பி வருகிற அன்றைக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும், அதைத் திறக்கத் தான் உள்ளே இருக்க வேண்டும். இந்த ஒற்றை அறையும் போய்விட்டால் அந்த மனுஷன் எங்கே என்று வருவான்?

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அறிமுகத்துக்கு அயிரைமீன் குழம்பு வைத்தாள். மதுரைக்காரர்களுக்கு அயிரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: சுண்டுவிரல் நீளம், மணல் நிறம், வாயைச் சுற்றி மீசை, தரையை விட்டு மேலே வராமல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற கூச்சம் பிடித்த மீன். உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டால் வயிற்றிலுள்ள சேற்றைக் கக்கிவிடும், அப்புறம் உப்புப் போட்டு அலசிக் குழம்பில் போடுவார்கள். அன்றைக்குப் பாலில் விட்டதில் ஒன்று சட்டியைத் தாண்டிக் குதித்து, தரையில் நெளிந்து நெளிந்து வந்து, ஒச்சம்மாளின் கால் பெருவிரலுக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தேடி வந்ததைக் கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "எங்க வீட்டு மீனு இதுதான்" என்று கொண்டுபோய்த் தொட்டியில் விட்டாள். மிச்சத்தைக் குழம்பாக்கிப் பத்துக் கிண்ணத்தில் ஊற்றிப் பத்து வீட்டுக்கும் கொடுத்தாள். கிண்ணங்கள் ஒன்றில் அவியல், ஒன்றில் பாயசம், ஒன்றில் சும்மா சீனி என்று நிறைந்து திரும்பி வந்தன, வெறும் கிண்ணமாக எதுவும் வரவில்லை. சோலைமலை மட்டும் இன்னொரு தடவை கிண்ணத்தை அனுப்பி இரண்டாவது ஊற்று வாங்கிக்கொண்டார்.

தொட்டிக்குள் போன அயிரை மண்ணுக்குள் போனது. மேலே திரிகிற பத்தும் சாப்பாட்டு ராமன்கள். தீனி தண்ணீரில் விழுவதற்குள் பிடுங்கித் தின்றுவிடும், அதிலும் செக்கர் வீட்டுக் கறுப்பு மீன், கண் இரண்டும் வெளியே பிதுங்கியது, மற்றதின் வாயிலிருந்தே உருவும். அடியில் கிடக்கிறதுக்கு ஒரு துணுக்குக்கூட இறங்காது. ஒச்சம்மாள் யோசித்தாள். கேப்பை மாவில் கருவாட்டுத் தூளைக் கலந்து பிசைந்து, சீக்கிரம் மூழ்குகிற மாதிரி மிளகளவு உருண்டை பிடித்தாள். இந்த ஓரத்தில் பொரியைத் தூவிப் பத்து மீனையும் அங்கே கூட்டி வைத்துவிட்டு, அந்த ஓரத்தில் பப்பாளித் தண்டைக் குழாய் மாதிரி விட்டு, அதன் வழியாக உருண்டைகளை ஒவ்வொன்றாக அடிமண்ணுக்கு அனுப்பினாள். தினமும் உச்சிப்பொழுதில், நடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்தாள். மறுநாள் உருண்டை இருக்காது. அயிரையும் கண்ணில் படாது.

மாசி முழுக்க வெள்ளிக்கிழமைக் கணக்கு பத்திலேயே நின்றது. "பதினொண்ணாவது எங்கம்மா?" என்பார் சோலைமலை. "மண்ணுக்குள்ள இருக்குங்கய்யா" என்பாள். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க, டிக்கெட்டு பைக்குள்ள இருக்கு, பை வீட்டுல இருக்குன்னு." பங்குனியில் ஒச்சம்மாள் இன்னொரு தடவை அயிரைக் குழம்பு வைத்து ஊருக்கெல்லாம் ஊற்றினாளா, போச்சு. கிண்ணத்தை வழித்து நக்கி முடித்த பிறகுதான் ஜனங்களுக்குப் பொறி தட்டியது. தொட்டியில் அயிரையைக் காணோம், குழம்பில் அயிரை இருக்கிறது. மூன்றாம் வீட்டு ஜொகராவே, நல்ல மனுஷி, கையை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "இதுல நம்ம மீனு எத்தனையாவது வாயில போச்சோ" என்றாள். பத்துக் கிண்ணமும் சபீனா போட்டு விளக்கி, பளபளவென்று, வெறுமையாகத் திரும்பி வந்தன. அடித்துத் திட்டியிருந்தால்கூட ஒச்சம்மாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, மண்ணைக் கிளறினால் தெரிந்துபோகிறது என்று சோலைமலை குடைக்கம்பி ஒன்றை எடுத்துவந்து தொட்டிக்குள் விட்டார். கம்பி முழுசும் போனது, கை முழங்கை வரை நனைந்தது, மண் தட்டுப்படவில்லை. துடைப்பக் கட்டையை விட்டார், போனது. நான்காம் வீட்டிலிருந்து ஒட்டடைக் கம்பு வந்தது, அதுவும் போனது. அப்புறம் ஒன்பதாம் வீட்டு மொட்டைமாடியில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைக் கொண்டுவந்து நாலு பேர் பிடித்து இறக்க, பதினைந்தடித் தொரட்டியும் அந்த இரண்டடித் தொட்டிக்குள் போய், பிடித்த கையைத் தேடி நின்றது. சோலைமலை குனிந்து ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்தார். அங்கே வழக்கமான பூனை படுத்திருந்தது. துடைப்பத்தை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். பூனை எழுந்து போனது. அவர் நிமிர்ந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "யாரு தோண்டினது?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி என்று எல்லாருக்கும் பட்டது. இரண்டடித் தொட்டி எப்படி ஆழமாகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அது தேவையில்லாத கேள்வி. ஆழம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை யாரோ எங்கிருந்தோ எடுத்திருக்க வேண்டும், எடுத்தது யார், யார் வீட்டுக்கு அடியிலிருந்து? ஆறாம் வீட்டில் உலக்கையால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொம் தொம் என்கிறது, எங்கள் தரைக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்றார்கள். எட்டாம் வீட்டில் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் மூடிய கிணறு எங்கள் சமையலறைக்குக் கீழேதான், அந்த ஆழம் எங்களுக்குச் சேர வேண்டியது என்று இரண்டாம் வீட்டுக்காரர் உரிமை கொண்டாடினார். ஜொகரா இரண்டு வீட்டுச் சண்டையையும் விலக்கிவிட்டு வந்து, தன் வீட்டுத் தரையை யாருக்கும் தெரியாமல் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் காவல் போட்டார்கள். விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை, ஒரு வேளைக்கு இரண்டு பேர், இரண்டு பேரும் உறவோ சிநேகிதமோ இருக்கக் கூடாது, அப்போதுதான் ஒருவரை ஒருவர் கவனிப்பார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீருக்குள்ளேயே பார்த்தார்கள். பருப்பில் கல் பொறுக்குகிறவர்கள் அங்கே வந்து பொறுக்கினார்கள், ஒரு கண் முறத்தில், ஒரு கண் தொட்டியில். கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல்லைக் கட்டி இறக்கி, வெள்ளிக்கு வெள்ளி அளந்தார்கள். பங்குனிக் கடைசியில் பதினொரு முழம், சித்திரைத் திருவிழாவின்போது பத்தொன்பது, அக்கினி நட்சத்திரத்தில் இருபத்தாறு. பார்க்கப் பார்க்க ஆழம் கூடியது. ஆழம் கூடக் கூட இன்னும் இரண்டு பேரைக் காவலுக்குப் போட்டார்கள். மேல்மீன் பத்தும் எந்தக் கவலையும் இல்லாமல் மேலேயே தின்று தின்று பெருத்தன.

கோடையில் தெருக்குழாய் நின்றபோது, இந்தக் காம்பவுண்டில் மட்டும் தண்ணீர் வற்றாத குழி இருக்கிறதாம் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட, அனுமதி இல்லாமல் போர் போட்டிருக்கிறீர்களா என்று விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார், அடியில் துடைப்பத்தை விட்டு எடுத்தார், கயிற்றை இறக்கி முடிச்சுகளை எண்ணினார், இரண்டடித் தொட்டி என்று எழுதிக்கொண்டார், கொடுத்த மோரைக் குடித்தார், கேட்டுக்கு வெளியே போய் நின்று, "மோட்டார எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அவர் காட்டிவிட்டுப் போன மொட்டைக் கடிதம் யார் கையெழுத்து என்று அன்றைக்கு முழுக்கப் பதினொரு வீட்டு மளிகைச் சீட்டையும் வாங்கிச் சோலைமலை ஒத்துப் பார்த்தார்.

இத்தனை அமளியிலும் ஒச்சம்மாள் உச்சிப்பொழுதில் தீனி போடுவதை விடவில்லை. பப்பாளித் தண்டு எட்டாமல் போனதும், சின்ன மண்மூடியில் உருண்டைகளை வைத்து நான்கு பக்கமும் நூல் கட்டி, தராசுத் தட்டை இறக்குவதுபோல இறக்கினாள். நூல் போய்க்கொண்டே இருக்கும். கீழே தொட்டதும் லேசாகத் தொய்யும். "நடிக்கிறா பாரு" என்று காவலுக்கு உட்கார்ந்தவர்கள் அவள் காதுபடப் பேசினார்கள். "மீனும் இல்ல, புருஷனும் இல்ல, ரெண்டுக்கும் சேத்துச் சோறு வடிக்கிறா."

ஆனி பிறந்ததும் சோலைமலை நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "இந்தாம்மா, ஆடி பொறந்தா வீடு மாத்த முடியாது, நானும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன், பாவம் புடிச்சுக்கும். ஆனிக் கடைசி வெள்ளி வரைக்கும் டைமு. மீனக் காட்டு. காட்டலைன்னா ஆடி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிடு. வீட்டுக்காரருகிட்டப் பேசிட்டேன்."

மொக்கராசுவிடம் சொல்லி அழலாம் என்றால் அங்கே வேறு கதை. குண்டூரில் இருந்தபோது தினமும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவான். ஒரு நாள் அவன் பின்னால் ஒரு சேலை காய்வதைப் பார்த்துவிட்டாள். முதலாளி வீட்டுச் சேலை என்றான். அன்றையிலிருந்து இவளும் ஒரு செக்கர்தான். "போனத் திருப்புங்க மாமா. அந்த மூலையக் காட்டுங்க. கட்டிலுக்கு அடியில காட்டுங்க. யாரு அது சிரிச்சது?" அவனும் காட்டுவான். சண்டை பெரிசானதும் முதலாளி கூப்பிட்டார் என்று நாக்பூர் போனான். அங்கேயும் நான்கு சுவரையும் காட்டினான். அப்புறம் கோரக்பூர். அதற்கப்பால் நேபாளம்தான் என்று ஜொகராவின் மகன் வரைபடம் பார்த்துச் சொன்னான்.

ஆனி இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம். வெயிலுக்குக் காவல்காரர்கள் கண்ணயர்ந்து கிடந்தார்கள். ஒச்சம்மாள் இடது கையில் போனை வைத்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் தொட்டித் தண்ணீரில் விட்டு நூலைப் பிடித்தபடி, தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று மொக்கராசுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நூல் முப்பது முழம் இறங்கியிருந்தது. "ரூமுல எத்தன பாய் கெடக்கு, எண்ணிக் காட்டுங்க" என்று சொல்லும்போதே நூல் தொய்ந்தது. தொய்ந்துகொண்டே வந்தது. பிறகு அவள் உள்ளங்கையில் ஏதோ கூசியது, மெல்லிசாக, மீசை மாதிரி, விரலிடுக்கில் ஒட்டியிருந்த கேப்பை மாவை ஒரு வாய் சப்பி இழுத்தது. "ஆத்தீ!" என்று துள்ளித் திரும்பினாள். ஒரு மணல்நிறக் கோடு கீழ்நோக்கிப் பாய்ந்தது, அதோடு தரையும் பாய்ந்தது, நூல் அவள் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றாள். வந்தது. அதற்கு மறுநாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். போனது. ஐந்தாறு நாள் இப்படிச் செய்து பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: அது பார்வைக்குக் கூசி இறங்குகிறது, இறங்க இடம் இல்லாததால் இடத்தையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. தோண்டியது வேறு யாருமில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கண்ணும்தான்.

ஆனிக் கடைசி வெள்ளி. பதினொரு வீடும் நடையில் கூடியது. ஒச்சம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சோலைமலை சிரித்தார். "பாக்காம எப்படிம்மா செக் பண்றது? நாங்க முதுகக் காட்டி நின்னா நீ மார்க்கெட்டுல வாங்கின அயிரை ஒண்ண உள்ள விட மாட்டேன்னு என்ன நிச்சயம்?" அந்த வாதம் எல்லாருக்கும் பிடித்தது. ஜொகரா அவள் முந்தானையை உதறிப் பார்த்தாள், இடுப்புச் சொருகலைப் பார்த்தாள், கொண்டையையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கோச்சுக்காதடி" என்று திருப்பி முடிந்துவிட்டாள். பிறகு எல்லாரும் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அடுத்தவர் திரும்புகிறாரா என்று பார்க்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் தான் மாட்டிக்கொள்வோம் என்று ஒவ்வொருவரும் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒச்சம்மாளின் கையில் நூல் தொய்ய ஆரம்பித்தது. பத்து முழம். இருபது முழம். கூசப்போகிறது என்று கையை விரித்தாள். திடீரென்று நூல் விறைத்து, விறுவிறுவென்று ஓடி, சுற்றிவைத்திருந்தது முழுவதும் தீர்ந்து, நுனியும் தண்ணீருக்குள் போய்விட்டது.

"யாரு பாத்தது?" என்று ஒருவர் கேட்க, "நீதான் பாத்தே" என்று இன்னொருவர் சொல்ல, காம்பவுண்டே இரண்டு பட்டது. சோலைமலை மட்டும் சத்தம் போடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "செவ்வாக்கெழமைக்குள்ள காலி பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மொக்கராசுவின் முகம் தெரிந்ததும் பழக்க தோஷத்தில், "ரூமக் காட்டுங்க" என்றாள். அவன் போனைத் திருப்பினான். சுவர், மூலை, கட்டில், கட்டிலுக்கு அடி என்று படம் தானாக நகர்ந்தது. அவன் முகம் படத்தில் இல்லவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வெள்ளிக்கிழமை நூல் ஓடியது ஞாபகம் வந்தது. "அய்யோ, நானும் இதத்தான பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "மாமா, படம் வேணாம். சாப்டீங்களா?"

"இல்லத்தா" என்றான். பிறகு பேச ஆரம்பித்தான். எண்ணெய் தெறித்து முழங்கை வெந்துபோனது, அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று நாக்குச் செத்துப்போனது, எல்லாவற்றையும் சொன்னான். அவள் சாக்குக் கட்டுகிற கயிற்றைக் கையில் பிடித்தபடி தரையோடு தரையாகக் காதை வைத்துக் கேட்டாள். வீடு காலி செய்யப்போவதை மட்டும் அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை உச்சிப்பொழுது, கடைசி நாள் தீனியாவது போட்டுவிட்டுப் போகலாம் என்று மாவோடு நின்றபோது சோலைமலை வந்தார். கையில் சவரம் செய்கிற கண்ணாடி. "வெள்ளிக்கெழம இது எங்கிட்டத்தாம்மா இருந்துச்சு" என்றார். "உள்ளங்கையில ஒளிச்சு வச்சுப் பாத்தேன். கழுத தெரியவும் இல்ல."

ஒச்சம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் மாவை அவர் முகத்தில் எறிந்திருப்பாள். "உங்களுக்கு நான் என்னய்யா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் ரெண்டாவது கிண்ணம் வாங்கித் தின்னேன்." அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "மொதல்லயே நீ விட்டது செத்து, அதையே எடுத்துக் கொழம்புல போட்டுட்டியோன்னு எனக்கு ஒரு நெனப்பு. பங்குனில இருந்து நெஞ்சு கரிக்குது. அடுத்த வீட்டு மீனத் தின்னவன் நானோன்னு எம்மேலயே சந்தேகம். இருக்கான்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை வாங்கிச் சுவரில் சாய்த்துக் கவிழ்த்தாள், அவர் விரல் நுனியில் மாவை அப்பினாள், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "கையப் பின்னால விடுங்க. செவத்தப் பாருங்க. என்ன ஆனாலும் திரும்பக் கூடாது." அவளும் பக்கத்தில் திரும்பி நின்றுகொண்டாள். சோலைமலையின் கழுத்து இரண்டு தடவை துடித்தது. வியர்வை காதோரம் இறங்கியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த மனுஷன் உடம்பு முழுவதும் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மீசம்மா," என்றார். "மீச ஒரசுது. திங்குதும்மா." சுவரைப் பார்த்தபடியே பேசினார். "முப்பது வருஷம் பஸ்ஸுல ஏறியிருக்கேன். நான் ஏறினதும் அம்புட்டுப் பேரும் வெறச்சு உக்காருவான். ஒரு ஆளு தானா எம் பக்கத்துல வந்ததில்லம்மா." கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது, இன்னொன்றைத் தண்ணீரிலிருந்து எடுக்க அவருக்கு மனசில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நடையில் நின்று, "பதினொண்ணு" என்று அறிவித்தார். உடனே எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். செக்கருக்கு மூன்றாவது கிண்ணம் போயிருக்கிறது என்று இரண்டாம் வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் நாற்காலிகள் உள்ளே போயின. ஒருவருக்கும் தெரியாமல் ஒருவர் என்று ஒவ்வொருவராக மத்தியானத்தில் வந்து, தொட்டிக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் விட்டு நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரு முறை என்று பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆடி நடுவில் கயிறு பன்னிரண்டு முழம்தான் இறங்கியது. ஜொகரா ஒச்சம்மாளின் கிண்ணத்தில் நோன்புக்கஞ்சி மாதிரி கறி போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றி அனுப்பினாள். சாக்கிலிருந்த பாத்திரங்கள் மறுபடி அலமாரிக்குப் போயின.

ஆவணி பிறந்து நாலாவது நாள். பதினோராம் வீட்டு முறை. ஒச்சம்மாள் தொட்டிக்கும் கேட்டுக்கும் முதுகைக் காட்டி, தன் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள், கையில் அயிரை தின்றுகொண்டிருந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நடையில் வந்தது, நின்றது, ஒரு பை தரையில் இறங்கியது. காய்ந்த எண்ணெயும் ஓமமும் கலந்த வாசம் அடித்தது. திரும்பத் துடித்தாள், இளைத்திருக்கிறானா, சட்டை யார் வாங்கிக்கொடுத்தது, பையில் என்ன இருக்கிறது, முழங்கை எப்படி இருக்கிறது. திரும்பினால் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. "சோறு இருக்கு," என்றாள் சுவரைப் பார்த்து. "போட்டுச் சாப்பிடுங்க."

மொக்கராசு அவளைத் தாண்டி உள்ளே போனான். தட்டு எடுக்கிற சத்தம், சோறு விழுகிற சத்தம். அவன் போன பிறகு பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். அவன் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான், அவள் கண்ணுக்கு அவன் பாதம் மட்டும் தெரிந்தது, அதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பிடுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ஏத்தா," என்றான். "இத்தன மாசமா செவத்தக் காட்டு, கட்டிலக் காட்டுன்னே. ஒரு தடவகூட என் மூஞ்சியக் காட்டுன்னு கேக்கலையே. இப்ப நேர்ல வந்துட்டேன், கண்ண மூடிக்கிட்டு நிக்கிறே. நீ பாக்காம எனக்குச் சோறு எறங்கலத்தா."

அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், காதோரம் நரைத்து, மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் எங்கேயும் போகவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான்.